காதைத் தொட்டுச் சொல்

மனைவியோடு சண்டை போடுவதற்கு தினகர் மூன்றாவது வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தான்.

"நான் சொல்ல வந்ததை நீ புரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றான்.

வாகை தோசைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே தெரியும். பேசுவதற்கு முன்னால் அவனுடைய கண் இடது ஓரமாக ஒதுங்கித் திரும்பியிருக்கும். அந்த மூலையில்தான் மூன்று வாக்கியங்கள் பச்சை எழுத்தில் வந்து நிற்கும். எது பிடிக்கிறதோ அதன்மேல் பார்வையை வைத்தால் போதும், மிச்சத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

"குழாயைத் திறந்து விட்டுட்டுத் தூங்கினது நீ. ஒரு நாள் பங்குத் தண்ணி மொத்தமும் சாக்கடைக்குப் போச்சு. இதுல நான் என்ன எழவைப் புரிஞ்சுக்கணும்?"

மறுபடி இடது ஓரம். "உன் கோபத்தில் உள்ள நியாயத்தை நான் மதிக்கிறேன்."

"மதிச்சுத் தொலை. தோசை வேணுமா, வேணாமா?"

இதற்கு மட்டும் அவனுக்கு உதவி தேவைப்படவில்லை. "ரெண்டு" என்றான்.

புதுச்சென்னையில் அன்று காலை எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பழைய சென்னையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு செங்கல்பட்டைத் தாண்டி உயரம் உயரமாகக் கட்டிய ஊர் அது. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே பிள்ளைகளுக்கு இடது காதுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒரு சொல்லூட்டியைப் பதித்துவிடுவார்கள். எதிரில் நிற்பவர் யார், அவர் முகம் எப்படி இருக்கிறது, இதற்கு முன் என்ன பேச்சு நடந்தது என்று எல்லாவற்றையும் அதுவே கவனித்து, பொருத்தமான பதிலைத் தயாரித்துக் கண்ணின் இடது ஓரத்தில் எழுதிக் காட்டும். அமைச்சருக்கு மேடைப் பேச்சு, மாப்பிள்ளைக்கு முதல் ராத்திரிப் பேச்சு, சாவு வீட்டுக்குப் போகிறவருக்கு ஆறுதல் என்று எதற்கும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சண்டைகள் நாகரிகமாகிவிட்டன. மன்னிப்புகளில் இலக்கணப் பிழை இல்லை. வாய் தவறி ஒரு வார்த்தை விட்டேன் என்று சொல்ல ஊரில் ஆளே கிடையாது.

பாடகர்களைத் தவிர.

எல்லார் வாயிலும் யாரோ எழுதிய வார்த்தை வர ஆரம்பித்ததும் ஜனங்களுக்கு எங்கேயோ அரித்தது. ஒருத்தராவது உண்மையாகப் பேசித் தொலைக்க வேண்டும். அந்த ஒருத்தர் நாமாக இல்லாமலிருந்தால் நல்லது. இப்படிப் பிறந்ததுதான் ஊற்றுச் சட்டம். பாடகர் பாடுகிற ஒவ்வொரு சொல்லும் அவர் நெஞ்சில் ஊறியதாக இருக்க வேண்டும் என்று சட்டசபையில் முந்நூறு பேர் முழங்கினார்கள். முந்நூறு பேரும் மூன்றே விதமாக முழங்கியதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்படி, பாடகராக உரிமம் வாங்கும் அன்றே காதுக்குப் பின்னால் கீறிச் சொல்லூட்டியைப் பிடுங்கிவிடுவார்கள். வாகைக்கு அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. அவள் பாட்டை அவளே எழுத வேண்டும். அவள் வாழ்க்கையில் அவள் முகத்துக்கு நேராக ஒருவர் மனசாரச் சொன்னதையும் பாட்டில் வைக்கலாம். அதற்கு 'வாழ்ந்த சொல்' என்று பெயர். மீறினால் குரல்பூட்டு. தொண்டை நரம்பில் ஒரு கொக்கியைப் போட்டுவிடுவார்கள். பேச்சு வரும், ஆனால் குரல் ராகத்துக்கு ஏறுகிற அந்த நொடியே தொண்டை சளசளத்து அடங்கிவிடும்.

வாசல் மணி அடித்தது.

கதவுக்கு வெளியே நின்றவர் கோமதிநாயகம், ஊற்றுத் துறையின் துணை ஆணையர். பாடகர்களின் தொண்டையைப் பூட்டிப் பூட்டியே பதவி உயர்ந்தவர். கூட இரண்டு இயந்திரக் காவலர்கள், பீரோ மாதிரி.

"வாகைதானே?"

"தெரியாமலா மணி அடிச்சீங்க?"

"வாய் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். 'செருப்புச் சத்தம்' பாட்டு நீ எழுதினதா?"

"நான் எழுதினது. மெட்டு நான் போட்டது. பாடினதும் நான். பிடிக்கலேன்னா காதைப் பொத்திக்குங்க."

"பாட்டு எனக்கும் பிடிச்சுதான் இருக்கு. அதுதான் சந்தேகமே." அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். அவருடைய கண் இடது பக்கம் போகவே இல்லை என்பதை வாகை கவனித்தாள். வெறுப்புக்கு மட்டும் சொல்லூட்டி தேவைப்படாது போலிருக்கிறது. "அதுல ஒரு வரி வருதே. 'நீ இல்லாத வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே பயம்.' அது எங்கே அடிச்சது?"

"அடிச்சதா?"

"அந்த வார்த்தையை வேற ஒரு வீட்ல, வேற ஒரு ஆம்பளை தன் பெண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான். உன் பாட்டு வெளியாகிறதுக்கு ரொம்ப முன்னாடியே. அந்தம்மா யார்கிட்டயோ வாயை விட்டிருக்கா. அது சுத்திச் சுத்தி உன் காதுக்கு வந்திருக்கு. நீ நோகாம எடுத்துப் பாட்டாக்கிட்டே. சாட்சி இருக்கு."

"யார் அந்த மகானுபாவன்?"

கோமதிநாயகத்தின் காது மடல் சிவந்தது. "மன்றத்துல தெரியும். இன்னிக்கு மத்தியானம் விசாரணை, ஊர் முழுக்க நேரலை. நீயா வந்துட்டா மரியாதை. இல்லேன்னா இவங்க தூக்கிட்டு வருவாங்க." போகிற போக்கில் அவள் கழுத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். "நல்ல கழுத்து. தழும்புகூட வெளியே தெரியாது."

கதவை அவர் மூக்குக்கு நேராகச் சாத்தினாள்.

அவளுக்கு உண்மையில் பயமில்லை. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் அவள் அம்மா செத்துப்போனாள். உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தினகர் இடது ஓரம் பார்த்துவிட்டு, "ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆழ்ந்த இரங்கல்" என்றான். சொல்லூட்டியின் இலவசத் தொகுப்பில் சாவுக்கு முதலில் வருவது அதுதான். மூச்சு முட்டி அவள் கீழே போகலாம் என்று லிஃப்ட்டில் ஏறினாள். குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அந்த லிஃப்ட்டுக்குத் தெரியும். அதுவும், "ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆழ்ந்த இரங்கல்" என்றது. லிஃப்ட்டோடு குடித்தனம் நடத்த அவள் கழுத்தை நீட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மழை நாளில் தினகர் ஓசூருக்கு வந்தான். பேருந்து நிலையத்தில், நனைந்த சட்டையோடு, விரலை இடது காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினான்.

அந்த ஊரில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. காதைத் தொட்டால் சொல்லூட்டி அணைந்துவிடும். அதனால் மனசைத் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் காதைத் தொட்டுச் சொல்வார்கள். தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் காதைத் தொட்டு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது முறை. கோர்ட்டில் சாட்சி சொல்வதும் காதைத் தொட்டுத்தான். சின்னப் பிள்ளைகள்கூட, "காதைத் தொட்டுச் சொல்லு, நீதானே என் பென்சிலை எடுத்தே?" என்று மல்லுக்கு நிற்கும்.

தினகர் காதைத் தொட்டுக்கொண்டு, திக்கித் திணறி, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, சொன்னான்: "நீ இல்லாத வீட்ல... அது வந்து... என் செருப்புச் சத்தம் எனக்கே பயமா இருக்கு வாகை."

அடுத்த பேருந்திலேயே அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நாளில் அந்த வரி பாட்டாயிற்று. பாட்டு வெளியானதும் புதுச்சென்னையே அதைப் பிடித்துக்கொண்டது. குறிப்பாகப் பெண்கள். நிகழ்ச்சிகளில் அந்த வரி வரும்போது முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் அழுவார்கள். ஆனால் அந்த அழுகையில் ஒரு திருட்டுச் சிரிப்பும் இருக்கும், தன் நகையை அடுத்தவள் கழுத்தில் பார்த்ததுபோல. அது ஏன் என்று வாகைக்கு விளங்கியதே இல்லை.

"கேட்டியா, யாரோ சொன்னதாம்!" தினகரின் தட்டில் தோசையைப் போட்டாள். "மத்தியானம் நீ வா. வந்து, நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு. வாழ்ந்த சொல். முடிஞ்சுது கேஸு. அந்தாள் மூஞ்சியில கரியைப் பூசிட்டு வந்துடலாம்."

தினகர் தோசையைப் பிய்க்கவில்லை. "அந்த வரியை நீயே யோசிச்சதா சொல்லிடேன்."

"ஏன்?"

"எனக்குக் கூட்டம்னா ஆகாது."

"என் தொண்டையைப் பூட்டப் போறாங்க. உனக்குக் கூட்டம் ஆகாதா?"

கண் இடது பக்கம் போயிற்று. அங்கே வந்த மூன்றுமே பிடிக்கவில்லை போலும், திரும்பி வந்துவிட்டது. "வரேன்" என்றான் தட்டைப் பார்த்து.

ஊற்று மன்றம் ஒரு காலத்தில் சினிமா தியேட்டராக இருந்த கட்டடம். நாற்காலிக் கைப்பிடிகளில் டம்ளர் வைக்கும் பள்ளம் இன்னும் இருந்தது. ஜனங்களும் அதற்கேற்றபடி எதையாவது கொறித்துக்கொண்டு, ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். திரை இருந்த இடத்தில் நீதிபதி ரெஜினா தவமணி. முன்வரிசையில், நடுநாயகமாக, பட்டுப்புடவையில் ஓர் அம்மாள். அவர் கோமதிநாயகத்தின் மனைவி பவளக்கொடி. வாகையைப் பார்த்த பார்வையில் எண்ணெய் கொதித்தது.

"திருட்டு முழி பாரு" என்று பக்கத்து நாற்காலிக்குச் சொன்னார், வாகைக்குக் கேட்கும்படி.

கோமதிநாயகம் எழுந்து, பாடகர்கள் சமூகத்தின் மனசாட்சி, மனசாட்சியில் கலப்படம் கூடாது என்று நீட்டி முழக்கினார். இப்போது அவர் கண் நிமிஷத்துக்கு ஒருமுறை இடது பக்கம் போய் வந்துகொண்டிருந்தது.

"சுருக்கமா வாங்க" என்றார் நீதிபதி. "வாகை, அந்த வரி உன்னுடையதா?"

"என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது அம்மா. முகத்துக்கு நேரா. காதைத் தொட்டு."

கூட்டம் "ச்சு" கொட்டியது. கோமதிநாயகத்தின் முகத்தில் நிஜமான திகைப்பு. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"சாட்சி?"

தினகர் கூண்டில் ஏறினான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"காதைத் தொட்டுச் சொல்லு தினா" என்றாள் வாகை. "ஓசூர் பஸ் ஸ்டாண்டுல அதைச் சொன்னது நீதானே? உன் சொந்த வார்த்தைதானே?"

அவன் விரல் காதுக்குப் பின்னால் போய் அழுத்தியது. அப்புறம் அவன் கண் இடது ஓரத்துக்கு ஒதுங்கித் திரும்பியது.

"ஆமாம்" என்றான். "அது... அது வந்து... என் மனசுலேர்ந்து வந்த வார்த்தை." மூக்கை ஒருமுறை உறிஞ்சினான்.

அரங்கம் கை தட்டியது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாகை மட்டும் அசையாமல் நின்றாள். அணைந்த சொல்லூட்டியில் படிக்க ஒன்றும் இருக்காது. பிறகு எதற்காக அந்தக் கண் அங்கே போயிற்று? ஓசூரில் மழை. முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினான். அன்றைக்கு அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"பொய்!"

பவளக்கொடி எழுந்து நின்றிருந்தார்.

"பவளம், உட்காரு" என்றார் கோமதிநாயகம் பல்லைக் கடித்து.

"ஏன் உட்காரணும்? அம்மா, அது எங்க வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன வார்த்தை! நான் கோவிச்சுக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போனப்ப வாசல்ல நின்னு காதைத் தொட்டுச் சொன்னார். இவ பாட்டைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. என் புருஷன் எனக்குன்னு சொன்னதை ஊரே பாடுதேன்னு. நான்தான் கேஸ் போடச் சொன்னேன்!"

சாட்சி யார் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ஏம்மா, கொஞ்சம் இரு. 'செருப்புச் சத்தம்' எங்க வீட்டுக்காரர் சொன்னதாச்சே?"

"உங்க வீட்டுக்காரரா? என்னங்க இது? எனக்கு நீங்க சொன்னீங்களே, ஆஸ்பத்திரி வாசல்ல!" இன்னொருத்தி தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல 'அது வந்து'ன்னு சொன்னாரா?"

"சொன்னாரே!"

"மூக்கை உறிஞ்சினாரா?"

கொறித்துக்கொண்டிருந்த சத்தம் மொத்தமாக நின்றது. பெண்கள் ஒவ்வொருத்தராகப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் எல்லாரும் திடீரென்று மேற்கூரையின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

கோமதிநாயகம் கைகளை ஆட்டினார். "அம்மா, விசாரணையை ஒத்திவைக்கணும். மக்கள் உணர்ச்சிவசப்பட்டு..."

"ஒத்திவைக்காதீங்க" என்றாள் வாகை. "சொல்லூட்டிக் கம்பெனியோட சேமிப்பகத்தைக் கேளுங்க. இந்த வரி அங்கே இருக்கான்னு கேளுங்க."

நீதிபதி அவளையே பார்த்தார். "யோசிச்சுப் பேசு. இருக்குன்னு பதில் வந்தா அது உன் புருஷன் வார்த்தை இல்லேன்னு ஆயிடும். வாழ்ந்த சொல் இல்லேன்னா உனக்குப் பூட்டு நிச்சயம். இப்படியே விட்டா உனக்குச் சந்தேகத்தின் பலன் உண்டு."

"தெரியும்."

"பாட்டு போயிடும்."

"போகட்டும். ஓசூர்ல என்கூடப் பேசினது யாருன்னு எனக்குத் தெரியணும்."

கூண்டுக்குள்ளிருந்து தினகர், "வேண்டாம் வாகை" என்றான். இன்றைக்கு அவன் சொந்தமாகப் பேசிய ஒன்றிரண்டு பேச்சுகளில் அது ஒன்று. அதுவும் காலம் கடந்து வந்தது.

நீதிபதி சேமிப்பகத்தை அழைத்தார். அரங்கத்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற உற்சாகத்தோடு வந்தது.

"வணக்கம்! தாங்கள் கேட்ட வாக்கியம் எங்களுடைய 'உயிர்த்துடிப்பு' கட்டணத் தொகுப்பைச் சேர்ந்தது. பிரிந்து சென்ற மனைவியைத் திரும்ப அழைக்கும் சூழலுக்கானது. திக்கலும் மூக்குறிஞ்சலும் உள்ளடக்கம். இந்த மாவட்டத்தில் மட்டும் இதுவரை இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியிருக்கிறோம். பெரும்பாலான மனைவியர் அன்றே வீடு திரும்பியுள்ளனர் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

"காதைத் தொட்டால் அணையணுமே?" என்றார் நீதிபதி.

"இலவசத் தொகுப்பு அணையும். 'உயிர்த்துடிப்பு' அணையாது. அதற்காகத்தான் வாங்குகிறார்கள்."

நீதிபதி ரெஜினா தவமணியின் கை மெதுவாக உயர்ந்து அவர் காதுக்குப் பின்னால் போய் நின்றது. அவருக்கு அதைச் சொன்னது யார், எப்போது என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"ஏங்க?" என்றார் பவளக்கொடி.

கோமதிநாயகம் அத்தனை பெரிய சபையில் தனியாக நின்றார். "உனக்குன்னு மட்டும் தயாரிச்சதுன்னு சொல்லித்தான் வித்தான் பவளம்" என்று ஆரம்பித்து, அது சரியில்லை என்று அவருக்கே பட்டு, இடது ஓரம் பார்த்து, "உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்" என்று முடித்தார். பவளக்கொடியின் கைப்பை அவர் காதுக்குப் பின்னால், சொல்லூட்டி இருக்கிற இடமாகப் பார்த்து இறங்கியது.

அத்தோடு அரங்கம் வெடித்தது. செருப்புகள் பறந்தன. "ராத்திரி முழுக்க அழுதேனேடா பாவி!" என்று ஒருத்தி கத்தினாள். கொஞ்ச நேரத்துக்கு வாகை, இந்த ஊர் கம்பெனியைக் கொளுத்தப் போகிறது, புருஷன்களைக் கொளுத்தப் போகிறது என்றே நினைத்தாள்.

"எல்லாம் இவளாலதான்!"

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. ஓர் ஆண் குரல். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. "நல்லா இருந்த குடும்பத்துல மண்ணைப் போட்டா!" பிறகு ஒரு பெண் குரலும் சேர்ந்துகொண்டது: "இவ பாடாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" அதில் எல்லாருக்கும் ஒரு வழி கிடைத்தது. புருஷனோடு வீட்டுக்குப் போக வேண்டும், ராத்திரி சமைக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கின்றன. பாடகியோடு யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஓர் இடது ஓரப் பார்வை வரிசை வரிசையாக அரங்கத்தைக் கடந்தது. அதன்பின் கோஷம் சுருதி சுத்தமாக, ஒரே குரலாக எழுந்தது:

"சொந்தச் சொல் இல்லாதவளுக்கு மேடை எதற்கு?"

"இந்தக் கொட்டாயில இன்னிக்குச் சொந்தமாப் பேசினது நான் ஒருத்திதான்யா!" வாகை கத்தினாள். "காலையில தோசைக்கல்லு முன்னாடி நின்னு பேசினதுலேர்ந்து இதுவரைக்கும் எல்லாமே என் வார்த்தை. எனக்கா பூட்டு?"

கோஷத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நீதிபதி கையைக் காதிலிருந்து எடுத்தார். கண் இடது பக்கம் போய்த் திரும்பியது. "பாடகர் என்பவர் தம் நெஞ்சில் ஊறாத சொல்லைப் பாடலாகாது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

பூட்டுப் போடுவதற்கு ஓர் ஊசிதான். வலிக்கவில்லை. வெளியே வந்து வாகை ஒரு தடவை 'ம்' என்று சுருதி பிடித்துப் பார்த்தாள். தொண்டைக்குள் ஏதோ நனைந்த துணி மாதிரி விழுந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டு லிஃப்ட்டில் ஏறினாள். "தங்கள் குரலின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்றது லிஃப்ட். "ஈடுசெய்ய முடியாத இழப்பு."

தினகர் அவளுக்கு முன்னாலேயே வந்து, கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் நேராக உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். ஓசூருக்குக் கொண்டுபோன அதே பெட்டி.

"வாகை."

அவள் புடவைகளை மடிக்காமல் திணித்தாள்.

"வாகை, ஒரே ஒரு நிமிஷம்." அவன் வாசற்படியில் வந்து நின்றான். காதைத் தொடவில்லை. "தொட்டா நம்ப மாட்டே. அதனால தொடலை. என் கண்ணைப் பாரு."

பார்த்தாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள். அவன் கண் அவள் கண்ணிலேயே நின்றது. இடது பக்கம் போகவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி ஒரு நேர்ப் பார்வையை அவனிடம் பார்த்ததே இல்லை.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றான். "நாளெல்லாம் தேடினாலும்... எனக்கு வார்த்தை வராது. ஆனா இது யாரும் எழுதிக் குடுத்தது இல்ல வாகை. தப்போ ரைட்டோ... இது நானா சொல்றது."

அவள் கையிலிருந்த புடவை நின்றது.

எத்தனை தடவை இதற்காகவே சண்டை போட்டிருக்கிறாள். அழகாக ஒன்றும் வேண்டாம். இப்படி நாலு தடுமாற்றம் போதும். தொண்டை போனதுகூட இந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாகிவிடும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பெட்டி மூடியின்மேல் கையை வைத்தாள்.

"...ஆனா இது யாரும் எழுதிக் குடுத்தது இல்ல ரேணு" என்றது சுவர்.

பக்கத்து வீடு. மெல்லிய சுவர்.

"தப்போ ரைட்டோ..." அதே இடத்தில் அதே நிறுத்தம். "இது நானா சொல்றது."

தினகரின் கண் அப்போதும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அசைய முடியாமல்தான் நிற்கிறது என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

பெட்டியை மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடைக்கு வந்தாள். லிஃப்ட் கதவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது: 'உயிர்த்துடிப்பு, புதிய பதிப்பு! கண் இனி அசையாது. காதைத் தொட வேண்டியதுமில்லை. இன்று ஒரு நாள் மட்டும் இலவசம்.'

நடையின் இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் ஆண் குரல். முன்பின்னாகத் தொடங்கியிருந்தவை மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. மேல் மாடியிலிருந்து இறங்கியது. எதிர்க் கட்டடத்துச் சன்னல்களிலிருந்து வந்தது. நாளெல்லாம் தேடினாலும்... எனக்கு வார்த்தை வராது... தப்போ ரைட்டோ... அடித்தொண்டையும் கீச்சுக் குரலுமாக, நிறுத்தத்துக்கு நிறுத்தம் தாளம் தப்பாமல்.

நல்ல பல்லவி என்று வாகைக்குப் பட்டது. தன்னையறியாமல் அந்த மெட்டுக்கு ஒரு 'ம்' கொடுக்கப் போனாள். தொண்டை சளசளத்து அடங்கியது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ரேணு எட்டிப் பார்த்தாள். அழுதழுது வீங்கிய முகத்தில் அதே பழைய திருட்டுச் சிரிப்பு.

"எங்கே, பெட்டியோடயா? போய்த் தொலை. எங்க வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது" என்றாள். "என் வீட்டுக்காரரைப் பத்தி ஊரை என்னென்னவோ சொல்ல வெச்சியே! இப்பதான் முதல் தடவையா மனசைத் திறந்து பேசினார். சொந்தமா. கண்ணோட கண் பார்த்து."

"காது கேட்கலையா உனக்கு? ஊர் முழுக்க அவனவன் அதையேதான் சொல்றான்!"

ரேணு ஒரு நொடி தலையைச் சாய்த்துக் கேட்டாள். நடை முழுக்க, கட்டடம் முழுக்க, ஊர் முழுக்க அந்த வரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உன் பாட்டைவிட."

கதவைச் சாத்திக்கொண்டாள். யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. அந்த ஊரில் யாருமே கேட்கவில்லை.